இருட்டில் பள்ளிக்குப் போகும் நம் பிள்ளைகள்

(கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டக் கிளைக் கூட்டத்தில் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



சம்பளம், வீட்டு வசதி என்று பேசும் இந்த மேடையில் இன்று நம் பிள்ளைகள் பள்ளிக்குப் போய் வரும் வழியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தொழிலாளி வேலைக்குப் போகும் வழியில் விபத்துக்குள்ளானால் 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி சொக்சோ உதவி உண்டு. பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. ஆகவே அந்த வழியை நாம்தான் கவனிக்க வேண்டும்.

முதலாவது, இருட்டு. 1982 ஜனவரி 1-ஆம் தேதி தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னே தள்ளப்பட்டது. சபா, சரவாக்கோடு ஒரே நேரம் வேண்டுமென்று செய்த ஏற்பாடு அது. சூரியன் அதற்குக் கட்டுப்படுமா? இங்கே பொழுது விடிய ஏழு மணியாகிறது. நாம் பெரட்டுக்குப் போகும்போதும் இருட்டு. பிள்ளை சடக்கோரம் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் இருட்டு. ஈஜோக், பெஸ்தாரி ஜெயா பக்கம் மணல் லோரியும் செம்பனைக் குலை லோரியும் ஓடும் சடக்கில், ஓரமாய் நிற்கும் சின்னப் பிள்ளை ஓட்டுநர் கண்ணுக்குத் தெரிவது கடினம். கையில் ஒரு டார்ச் லைட்டும் புத்தகப் பையில் வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டையும் இருக்கட்டும். பஸ்ஸை விட்டு இறங்கியதும் அதன் முன்னால் குறுக்கே ஓடாமல், பஸ் போன பிறகு இருபுறமும் பார்த்துக் கடக்கப் பழக்குங்கள்.

இரண்டாவது, மோட்டார் சைக்கிள். இந்நாட்டில் சாலை விபத்தில் மடிவோரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே. தலைக்கவசம் 1973 முதல் கட்டாயம். பின்னால் அமர்பவருக்கும் கட்டாயம். பதினாறு வயதுக்குள் ஓட்டச் சட்டம் இடம் தரவில்லை. “தோட்டத்துக்குள்தானே” என்று பதினான்கு வயதுப் பையனிடம் சாவியைக் கொடுத்தால், மறுவாரம் அவன் தார்ச்சடக்கில் நிற்பான்.

மூன்றாவது, வேனும் பஸ்ஸும். 2025 ஜூன் 9-ஆம் தேதி நள்ளிரவுக்குப் பின், திரெங்கானு ஜெர்த்தேயிலிருந்து தஞ்சோங் மாலிம் சுல்தான் இட்ரிஸ் பல்கலைக்கழகத்துக்கு மாணவர்களை ஏற்றி வந்த பஸ் கெரிக் அருகே கவிழ்ந்தது. பதினைந்து மாணவர்கள் மாண்டனர். தஞ்சோங் மாலிம் நம் கலும்பாங்கை அடுத்த ஊர். அவ்வாண்டு ஜூலை 1 முதல் விரைவு பஸ்ஸிலும் சுற்றுலா பஸ்ஸிலும் இருக்கைவார் அணியாவிட்டால் 300 வெள்ளி அபராதம் என்றார்கள். அபராதத்துக்குப் பயந்து அணிவதைவிட உயிருக்காக அணிவது மேல். பள்ளி வேன் பேசும்போது மாதக் கட்டணத்தை மட்டும் கேட்காதீர்கள். ஓட்டுநரிடம் உரிய லைசென்ஸ் உண்டா, வண்டி சோதனைக்குப் போனதா, எத்தனை பிள்ளைகளை ஏற்றுகிறார் என்றும் கேளுங்கள். பத்து வெள்ளி மலிவு என்று நெருக்கி அடைத்த வேனில் ஏற்றுவது சேமிப்பாகாது.

நான்காவது, ஆட்கள். யார் வந்தால் வண்டியில் ஏறலாம், யார் வந்தால் ஏறக்கூடாது என்று பிள்ளைக்குத் தெளிவாகச் சொல்லுங்கள். வழியில் ஒருவன் தொந்தரவு செய்தான் என்று மகள் சொன்னால் அவளை ஏசாதீர்கள். ஏசினால் அடுத்த முறை சொல்ல மாட்டாள். 15999 என்ற எண்ணில் உதவி கேட்கலாம். ஆபத்து வேளையில் 999.

இவை வீட்டில் செய்யக் கூடியவை. தோட்டத்து முகப்பில் கூரையும் விளக்கும் உள்ள பஸ் நிழற்குடை கட்டுவது தனி ஒருவரால் ஆகாது. அதற்கு மூன்று கோரிக்கைகளை முன்வைக்கிறேன். ஒன்று, அந்த நிழற்குடைக்கு நிர்வாகத்திடம் கிளை எழுத்து மூலம் கேட்க வேண்டும். இரண்டு, சடக்கில் வேகத்தடை வேண்டி நகராண்மைக் கழகத்துக்கு மனுப் போட வேண்டும். மூன்று, வெட்டுக்குப் போகாத பெரியவர்கள் முறை வைத்துக் காலையில் பிள்ளைகளோடு நிற்க வேண்டும். முதல் இரண்டுக்கும் காலம் பிடிக்கும். மூன்றாவதை நாளைக்கே தொடங்கலாம். பெயர் கொடுக்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள்.