நல்ல தண்ணீர் எங்கே?



கொச்சி மட்டாஞ்சேரிக்குக் கிழக்கே காயல். மேற்கே கடல். சுற்றிலும் தண்ணீர். குடிக்க முடியுமா? முடியாது. உப்பு.

குடிதண்ணீர் தொலைவில் உள்ள ஆறுகளிலிருந்து குழாயில் வருகிறது. ஒன்று பெரியாறு. மற்றொன்று மூவாற்றுப்புழை ஆறு. 2023-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பாழூர் பம்ப் நிலையத்தில் மோட்டார்கள் பழுதாயின. மேற்குக் கொச்சி மக்கள் பல நாள் தண்ணீருக்குத் தவித்தார்கள்.

சரி, கிணறு தோண்டலாமா? யோசித்துச் செய்ய வேண்டும். ஏன்?

மழைநீர் மணலில் இறங்குகிறது. நல்ல தண்ணீர் கனம் குறைந்தது. உப்புத் தண்ணீர் கனம் கூடியது. அதனால் கடலோர மண்ணுக்குள் நல்ல தண்ணீர் மேலே நிற்கும். உப்புத் தண்ணீர் கீழே நிற்கும். கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நல்ல தண்ணீர் இருந்தால், கீழே சுமார் 40 அடி இருக்கும். இது கணக்கு. அளவுக்கு மீறி இறைத்தால் என்ன ஆகும்? மேலே 1 அடி குறையும். கீழே உப்பு மெல்ல மெல்ல 40 அடி ஏறும்! ஏறிய உப்பு எளிதில் இறங்காது.

உப்பு எங்கே இருக்கிறது? தோண்டாமலே அறியலாம். நிலத்தில் 4 கம்பிகளை ஒரே வரிசையில் அடிப்பார்கள். வெளியே உள்ள 2 கம்பிகளில் மின்சாரம் விடுவார்கள். உள்ளே உள்ள 2 கம்பிகளில் அளப்பார்கள். உப்புத் தண்ணீரில் மின்சாரம் எளிதாக ஓடும். நல்ல தண்ணீர் உள்ள மணலில் அவ்வளவு எளிதாக ஓடாது. கெட்டிப் பாறையில் மிகவும் தடைப்படும். வெளிக் கம்பிகளைத் தள்ளித் தள்ளி அடித்தால் இன்னும் ஆழத்தில் உள்ளதும் தெரியும்.

ஒரு சிக்கல் உண்டு. களிமண்ணிலும் மின்சாரம் எளிதாக ஓடும். ஆகவே பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரையும் சோதித்த பிறகே முடிவு சொல்வார்கள்.

ஆற்றங்கரையிலும் இந்தச் சோதனை உதவும். ஆற்று நீரும் கிணற்று நீரும் வேறு வேறு அல்ல. மணல் வழியாக இரண்டும் கலக்கின்றன. ஆற்று மணலை அள்ளினால் ஆற்றின் அடித்தளம் தாழும். கரையோரக் கிணறுகள் வற்றும். கோடையில் ஆற்றில் நீர் குறைந்தால் கடல் உப்பு ஆற்றில் ஏறும். பெரியாற்றில் பாதாளம் என்ற இடத்தில் தடுப்பு அமைத்து உப்பைத் தடுக்கிறார்கள்.

கையில் தேங்காயை வைத்து நீரோட்டம் பார்ப்பவருக்குப் பணம் கொடுக்காதீர்கள். நிலத்தடி நீர்த் துறையின் மாவட்ட அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். இப்போது உங்களுக்கு எழுதத் தெரியும். அந்த மனுவை நீங்களே எழுதலாம்.