ஏணியில் தவறிய கால்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



மெக்கானிக்கல் படிச்சவனுக்கு மருத்துவப் பேச்சு எதுக்குன்னு பின்வரிசையில் யாரோ கேட்பது காதில் விழுகிறது. நியாயம்தான். நோயாளி என்ற ஒரே தகுதியில்தான் பேசுகிறேன்.

2021-இல் ஒருநாள் சைட்டில் ஏணி ஏறும்போது, கால் எந்தப் படியில் இருக்கிறது என்றே தெரியவில்லை. அதற்கு முன்பே ஓராண்டாக அசதி. ரத்தசோகை என்று இரும்புச்சத்து, ஃபோலிக் ஆசிட் மாத்திரை கொடுத்திருந்தார்கள். ஹீமோகுளோபின் ஏறிச்சு, வீட்டில் சந்தோஷம். பாதம் மட்டும் மரத்துக்கிட்டே போச்சு. ஃபோலிக் ஆசிட் ரத்தத்தைத் தேற்றிவிடும். பி12 இல்லாமல் கெடும் நரம்பைக் காப்பாற்றாது.

"சைவமா சார்?" என்றுதான் பலரும் கேட்டார்கள். ஹாஸ்டல் மெஸ்ஸில் ஞாயிறு சிக்கனுக்கு முதல் ஆளாக நின்றவனைப் பார்த்து! கோளாறு சாப்பாட்டில் இல்லை. இரைப்பைச் சுவரில் சுரக்கும் 'இன்ட்ரின்சிக் ஃபேக்டர்' என்ற புரதம் சேர்ந்தால்தான் சிறுகுடலின் கடைசிப் பகுதி பி12-ஐ உள்ளே எடுக்கும். உடம்பின் காவல்படையே அதைச் சுரக்கும் செல்களைத் தாக்கினால், சரக்கு லாரி வந்தும் இறக்க ஆளில்லை. கல்லீரலில் சில வருஷத்துக்கு இருப்பு உண்டு. அதனால் வெளியே தெரிய நாளாகும்.

இதை 1920-களின் கடைசியில் பாஸ்டனில் காட்டியவர் வில்லியம் காஸில். மாட்டிறைச்சியைத் தான் தின்று, ஒரு மணி நேரம் கழித்து வெளியே எடுத்து, குழாய் வழியே நோயாளிகளுக்குச் செலுத்தினார். தேறினார்கள். வெறும் இறைச்சிக்குத் தேறவில்லை. நம்ம லேப் ரெக்கார்டெல்லாம் எந்த மூலைக்கு!

என் நோயைப் பிடித்த டாக்டரம்மா கேட்டது ஒரே கேள்வி: "வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்க?"

"தைராய்டுக்கு, எட்டு வருஷமா."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். தைராய்டைத் தாக்கும் தன்னெதிர்ப்பு நோய், வெண்புள்ளி, டைப் 1 சர்க்கரை, அட்ரினல் சுரப்பி கெடும் அடிசன் நோய், இந்த ரத்தசோகை எல்லாம் பங்காளிகளாம். ஒரே ஆளிடம் இரண்டு மூன்று சேரலாம். ஒரு குடும்பத்தில் ஆளுக்கொன்றாகவும் வரலாம். முன்பு பார்த்தவர்கள் அதைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இப்போது ஊசி போட்டுக்கொள்கிறேன். அசதி போய்விட்டது. இடதுகால் விரல்கள் மட்டும் இன்னும் மரத்தே இருக்கின்றன.

என் அக்கா கையில் பத்து வருஷமாக வெண்புள்ளி. சமீபமா ரொம்ப அசதியா இருக்குன்னு சொன்னாள். போன வாரம் பி12-க்கும் தைராய்டுக்கும் ரத்தம் கொடுக்க நானே கூட்டிட்டுப் போனேன். ரிசல்ட் திங்கட்கிழமை.