பித்தளைத் தோட்டா உறையும் சிறுதொழிலும்

தோட்டாவின் வெற்று உறையைக் கையிலெடுத்துப் பார்ப்பவருக்கு அது அடிப்பக்கம் மூடிய ஒரு சிறு பித்தளைக் குழாயாகவே தோன்றும். ஓர் அழுத்து எந்திரமும் சில அச்சுகளும் இருந்தால் இதனைச் செய்துவிடலாம் என்று பெங்களூருவின் பீன்யா தொழிற்பேட்டையிலுள்ள பட்டறை உரிமையாளர் ஒருவர் எண்ணினால், அதில் வியப்பில்லை. ஆயினும், முதலீடு செய்வதற்கு முன் அவர் மூன்று செய்திகளை அறிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, சட்டம். வெடிமருந்து இல்லாத வெற்று உறைதானே என்று இதனைச் சாதாரணப் பித்தளைப் பொருளாகக் கருதுதல் தவறு. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், தோட்டாவின் உறுப்புகளையும், அவற்றைச் செய்யும் எந்திரங்களையுங்கூடத் தோட்டா என்னும் சொல்லின் பொருளில் அடக்கியுள்ளது. எனவே, உரிமம் பெறாமல் ஓர் உறையைக்கூட உற்பத்தி செய்யலாகாது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, உரிமமற்ற உற்பத்திக்கு 7 ஆண்டுகளுக்குக் குறையாத சிறைத் தண்டனை உண்டு. அது ஆயுள் தண்டனை வரையிலும் நீளலாம். பாதுகாப்புத் தளவாட உற்பத்தி 2001ஆம் ஆண்டில் தனியாருக்குத் திறந்துவிடப்பட்டது உண்மையே; ஆனால் திறந்த கதவு உரிமத்தின் வழியாகவே செல்கிறது.

இரண்டாவது, உலோகம். 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் சேர்ந்த பித்தளையே இதற்கு ஏற்றது. தகட்டைக் கிண்ணமாக்கி, பலமுறை இழுத்து நீட்டி, இடையிடையே சூடாக்கி மென்மைப்படுத்துகின்றனர். இழுக்கும்போது உலோகத்தினுள் தங்கிவிடும் தகைவை இறுதியில் நீக்காவிடில் உறை வெடித்துவிடும். ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் இந்தியாவில், மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைக்கப்பட்டிருந்த தோட்டா உறைகள் இவ்வாறு விரிசல் கண்டன. லாயத்திலிருந்து எழுந்த அம்மோனியாவும், உலோகத்தில் தங்கிய தகைவும் இணைந்ததே காரணம் என்பது 1921ஆம் ஆண்டில் விளக்கப்பட்டது. பார்வைக்குக் குறையற்ற உறையும் கிடங்கில் கெடக்கூடும். கெட்ட உறை அதனைப் பயன்படுத்தும் வீரரின் உயிருக்கே கேடாகும். ஆகவே, சோதனைக் கூடமின்றி இத்தொழில் இல்லை.

மூன்றாவது, சந்தை. வாங்குவோர் மிகச் சிலர். வரண்காவ் போன்ற அரசு ஆலைகள் 2021 முதல் மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின்கீழ் இயங்குகின்றன. ஒரே கொள்முதலாளரை நம்பிய சிறுதொழிலின் நிலையைப் பெங்களூரு நன்கறியும். 1953இல் இந்நகரில் தோன்றிய எச்.எம்.டி.யின் கடிகார நிறுவனத்தை மூட 2016இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. பெருநிறுவனமும் என்றும் நிலைத்திருக்கும் எனக் கொள்ளலாகாது.

அவ்வாறாயின் தொடக்கம் எங்கே? பித்தளையை இழுத்து வடிக்கும் அதே திறன், மின்சாதன உறுப்புகளுக்கும் குழாய்ப் பொருத்திகளுக்கும் பயன்படும். அவற்றில் முதலில் கைதேர்வது நலம். அச்சுத் தொழிலில் பயிற்சியளிக்க, 1972இல் தொடங்கிய அரசு கருவிக்கூடப் பயிற்சி மையம் இந்நகரில் உள்ளது. எந்திர நுட்ப ஆராய்ச்சிக்கு, 1962இல் அமைந்த மத்திய உற்பத்தித் தொழில்நுட்ப நிறுவனம் உள்ளது. திறனும் தரமும் சந்தையில் மெய்ப்பிக்கப்பட்ட பின்னர் உரிமத்திற்கு விண்ணப்பிப்பவர், முதலை இழக்காமல் காத்திருக்க இயலும். கடன் விண்ணப்பங்களை ஆராயும் அதிகாரிகளும், எந்திரத்தின் விலைப்பட்டியலுக்கு முன் உரிமம், சோதனை, மாற்றுச் சந்தை ஆகிய மூன்றையும் கேட்பார்களாயின், பல குடும்பங்களின் சேமிப்பு காக்கப்படும்.