விண்டோஸ் ஏகபோகமும் வலைச் செயலிகளும்



மைக்ரோசாப்ட் நிறுவனம் தனிக்கணினி உலகில் செலுத்திய ஏகபோகத்துக்கு ஆதாரமாக இருந்தது விண்டோஸ் இயங்குதளத்தின் அழகோ வேகமோ அன்று. வாங்குவோர் எங்கே மிகுதியோ அங்கேயே மென்பொருள் எழுதுவோர் எழுதினார்கள், மென்பொருள் எங்கே மிகுதியோ அங்கேயே வாங்குவோரும் சென்றார்கள் என்ற சுழற்சிதான். இன்டெல் வகைக் கணினிகளில் 90 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை விண்டோஸிலேயே இயங்கின என்பதையும், புதிய இயங்குதளம் எதுவாயினும் மென்பொருள் பஞ்சமே அதற்குப் பெருந்தடையாக நிற்கும் என்பதையும் அந்நிறுவனத்தின் மீதான வழக்கில் அமெரிக்க நீதிபதி தாமஸ் பென்ஃபீல்டு ஜாக்சன் 1999 நவம்பரில் விஸ்தாரமாக எடுத்துரைத்தார்.

இத்தடையைத் தகர்க்கவல்ல கருவியாக 1994இல் வந்தது நெட்ஸ்கேப் உலாவி. மென்பொருளை உலாவிக்கென்றே எழுதிவிட்டால், கீழே எந்த இயங்குதளம் இருந்தால் என்ன? இந்த அபாயத்தை பில் கேட்ஸ் உணராமல் இல்லை. 1995 மே மாதத்தில் இணையத்தைப் பேரலையாக வருணித்துத் தம் அதிகாரிகளை எச்சரித்தவர், இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரை விண்டோஸுடன் இலவசமாகப் பிணைத்து எதிரியை வீழ்த்தினார். வென்றபின் அந்நிறுவனம் உறங்கிற்று என்பதே என் அபிப்பிராயம். எக்ஸ்ப்ளோரரின் ஆறாம் பதிப்பு 2001இல் வந்தது, ஏழாம் பதிப்போ 2006இல்தான் வந்தது.

இவ்வரலாற்றில் என்னை மிகவும் வியக்கவைப்பது வேறொன்று. பழைய வலைப்பக்கத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால் பக்கம் முழுவதும் மறைந்து, மீண்டும் தொலைவிலிருந்து வந்து சேரவேண்டும். அந்த நிலையில் கடிதமோ கணக்கோ எழுதுவது எங்ஙனம் சாத்தியம்? பக்கம் நிலையாக நிற்க, வேண்டிய தகவல் மட்டும் பின்னணியில் வந்துபோகும் உபாயத்தைக் கண்டவர்கள் மைக்ரோசாப்டின் பொறியாளர்களே. அவுட்லுக் அஞ்சலை உலாவியில் காட்டுவதற்காக அவர்கள் சமைத்த அச்சிறு கருவி 1999இல் எக்ஸ்ப்ளோரரின் ஐந்தாம் பதிப்போடு வெளிவந்தது. பிற உலாவிகளும் அதை ஏற்றன. அதைக் கைக்கொண்டே கூகுள் நிறுவனம் 2004 ஏப்ரலில் ஜிமெயிலையும், அடுத்த ஆண்டில் வரைபடங்களையும் அளித்து, மேசைக்கணினியில் நிறுவாமலே மென்பொருள் சரளமாக ஓடும் என்று உலகுக்கு மெய்ப்பித்தது.

பின்னர் 2008இல் குரோம் உலாவி, 2011இல் உலாவியையே உயிராகக் கொண்ட குரோம்புக் கணினிகள். விண்டோஸ் அழிந்துவிடவில்லை, மேசைக்கணினிகளில் இன்றும் அதுவே முதலிடத்தில் நிற்கிறது. ஆயினும் கட்டாயத்தின் பிடி தளர்ந்தது. ஆபீஸ் மென்பொருளையே உலாவியிலும், 2014இல் ஆப்பிளின் ஐபேடிலும் வழங்க நேர்ந்த மைக்ரோசாப்ட், 2020இல் தன் எட்ஜ் உலாவியை, கூகுள் முன்னின்று வளர்க்கும் குரோமியம் அடித்தளத்தின்மீதே அமைத்துக்கொண்டது.

இதைக் கண்டு நான் மகிழ்கிறேன். ஆனால் முழுமையாக அல்ல. அன்று நம் கடிதங்களும் கணக்குகளும் நம் மேசையின்மீதேனும் இருந்தன. இன்று அவை வேறொருவரின் கணினிக் கூடத்தில் இருக்கின்றன. எக்ஸ்ப்ளோரரில் மட்டுமே திறக்கும் பக்கங்களால் அல்லலுற்ற நாம், குரோமில் மட்டுமே செவ்வனே இயங்கும் பக்கங்களை இப்போது காண்கிறோம். வலையின் பொது நியமங்கள் எந்த நிறுவனத்துக்கும் தனிச்சொத்து அல்ல. ஆகவே, இங்கே அமர்ந்திருக்கும் இளம் நிரலர்களை நான் இரந்து வேண்டுவது இது: நீங்கள் படைக்கும் வலைச் செயலி எதுவாயினும், அதை ஃபயர்பாக்ஸ் உலாவியிலும் ஒருமுறை திறந்து சோதித்துவிட்டே மக்களிடம் அளியுங்கள், அவர்கள் எழுதியவற்றைத் திரும்ப எடுத்துச் செல்லும் வழியையும் அதிலேயே வைத்துக் கொடுங்கள்.