உடுத்தும் நிறமும் பார்க்கும் கண்ணும்



பண்டிகை நெருங்கும் நாள்களில் ஜவுளிக்கடை வாசலில் சற்று நேரம் நின்று பாருங்கள். உள்ளே விளக்கு வெளிச்சத்தில் புடவையைத் தேர்ந்தெடுத்த அம்மா, அதைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வருவார். வெயிலில் ஒருமுறை விரித்துப் பார்ப்பார். "உள்ளே அரக்கு மாதிரி தெரிஞ்சுது, இங்கே பார்த்தா வேற மாதிரி இருக்கே" என்று மகளிடம் சொல்வார். அவர் செய்வது சரியான சோதனை. துணியில் ஏறியிருக்கும் சாயம் தன்மேல் விழும் ஒளியில் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொண்டு மீதியைத் திருப்பி அனுப்புகிறது. விழும் ஒளி மாறினால் திரும்பும் ஒளியும் மாறும். கடை விளக்கில் ஒன்றுபோல் இருந்த இரண்டு துணிகள் பகலில் வேறு வேறாகத் தெரிவது இதனால்தான். மயில்கழுத்துப் பட்டு இதற்கும் ஒரு படி மேலே. பாவில் ஒரு நிற நூல், ஊடையில் இன்னொரு நிற நூல். உடுத்தியவர் திரும்பும்போதெல்லாம் நீலமும் பச்சையும் மாறி மாறித் தெரியும்.

துணியின் நிறமே இப்படி இடத்துக்கு இடம் மாறுகிறது என்றால், அந்த நிறம் நம் மனத்தில் எழுப்பும் உணர்வு எவ்வளவு மாறும்? சிவப்பு உடுத்தினால் துணிச்சல் வரும், நீலம் அமைதி தரும், மஞ்சள் மகிழ்ச்சி தரும் என்றெல்லாம் பட்டியல் போட்டு எழுதுகிறார்கள். நேர்முகத் தேர்வுக்குப் போகும் பிள்ளைகள் அதைப் படித்துவிட்டுச் சட்டை வாங்கப் போகிறார்கள். அந்தப் பட்டியல்களை நான் நம்பவில்லை. நிறத்துக்கு வலிமை உண்டு என்பதை மட்டும் உறுதியாக நம்புகிறேன். அந்த வலிமை எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

சிவப்பிலிருந்து தொடங்குவோம். 2004ஆம் ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் குத்துச்சண்டை, டேக்வாண்டோ, இரண்டு வகை மல்யுத்தம் ஆகிய போட்டிகளில் ஒருவருக்குச் சிவப்பு உடை, எதிராளிக்கு நீல உடை. யாருக்கு எது என்பதில் வீரரின் விருப்பத்துக்கு இடமில்லை; திறமைக்கும் நிறத்துக்கும் தொடர்பில்லாமல்தான் அது ஒதுக்கப்பட்டது. அப்படியானால் வெற்றி இரு பக்கமும் ஏறக்குறையச் சரிபாதியாகத்தானே பிரிய வேண்டும்? இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரஸ்ஸல் ஹில், ராபர்ட் பார்ட்டன் என்ற இருவர் முடிவுகளை எண்ணிப் பார்த்தார்கள். சிவப்பு அணிந்தவர்கள் நூற்றுக்கு 55 போட்டிகளில் வென்றிருந்தார்கள். சம பலம் கொண்டவர்கள் மோதிய இடங்களில் வித்தியாசம் இன்னும் கூடுதல். 2005இல் நேச்சர் இதழில் இது வெளிவந்ததும் உலகெங்கும் பேச்சானது. சிவப்பு உடுத்தியவருக்கு வேகம் வருகிறதா, அல்லது எதிரே நிற்பவருக்கு நடுக்கம் வருகிறதா என்று பலரும் விளக்கம் தேடினார்கள்.

மூன்றாவது ஒருவரும் அங்கே இருந்தார். அவர் நடுவர். ஜெர்மனியில் சில ஆய்வாளர்கள் டேக்வாண்டோ போட்டிகளின் ஒளிப்பதிவுகளை எடுத்து, அனுபவமுள்ள 42 நடுவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். பிறகு கணினியின் உதவியால் சிவப்பை நீலமாகவும் நீலத்தைச் சிவப்பாகவும் மாற்றி, அதே காட்சிகளை அதே நடுவர்களிடம் காட்டினார்கள். அதே உதை, அதே தடுப்பு, அதே வேகம். நிறம் மட்டும் வேறு. சிவப்பில் இருந்தவருக்குச் சுமார் 13 சதவீதம் கூடுதல் புள்ளிகள் கிடைத்தன. இந்த முடிவு 2008இல் வெளியானது. நடுவர்கள் யாரும் வேண்டுமென்று ஓரவஞ்சனை செய்யவில்லை. பயிற்சி பெற்ற கண்களே நிறத்துக்கு இப்படி வசப்படுகின்றன.

இந்தக் கதைக்குப் பின்பகுதி ஒன்று உண்டு. பட்டியல் போடுகிறவர்கள் அதைச் சொல்வதில்லை. 1996 முதல் 2020 வரை நடந்த பெரிய போட்டிகளின் முடிவுகளை, ஹில்லும் பார்ட்டனும் உள்ளிட்ட ஒரு குழு மறுபடி ஆராய்ந்து 2023இல் வெளியிட்டது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மோதல்கள். இம்முறை சிவப்புக்குக் கிடைத்த அனுகூலம் ஏறக்குறைய ஒன்றுமில்லை. 2005க்கு முன்பு சம பலம் உள்ளவர்கள் மோதியபோது தென்பட்ட சாய்வு, பின்னால் கரைந்துபோயிருந்தது. இடைப்பட்ட காலத்தில் விதிகள் மாறின. டேக்வாண்டோவில் உதை பட்டதும் தானே புள்ளியைப் பதிவு செய்யும் மின்னணுக் கவசம் வந்தது. மனிதக் கண்ணின் பங்கு குறைந்தபோது சிவப்பின் பங்கும் குறைந்தது என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன். தம்முடைய புகழ்பெற்ற முடிவைத் தாமே மறுபடி சோதித்து, அது நிற்கவில்லை என்று வெளிப்படையாகச் சொன்ன அந்த ஆய்வாளர்கள்மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு.

சரி, பார்க்கிறவர் கதை இது. உடுத்துகிறவர் மனம்? 2012இல் அமெரிக்காவில் ஆடம், கலின்ஸ்கி என்ற இரு ஆய்வாளர்கள் ஒரே வெள்ளை மேலங்கியைச் சிலரிடம் மருத்துவர் அங்கி என்றும் வேறு சிலரிடம் ஓவியர் அங்கி என்றும் சொல்லி அணியக் கொடுத்தார்கள். மருத்துவர் அங்கி என்று நினைத்து அணிந்தவர்கள் கவனம் தேவைப்படும் வேலையைக் கூடுதல் கருத்தோடு செய்ததாகக் கண்டார்கள். துணி ஒன்று, வெள்ளை ஒன்று, சொன்ன பெயர் மட்டும் வேறு. பின்னர் வேறொரு குழு இந்த ஆய்வின் ஒரு பகுதியைத் திரும்பச் செய்தபோது அதே விளைவு கிடைக்கவில்லை. ஆகவே இதைச் சட்டம்போல் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அந்த வெள்ளை அங்கிக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அமெரிக்க ஓவியர் தாமஸ் ஈக்கின்ஸ் அறுவை சிகிச்சைக் காட்சியை இரண்டு முறை தீட்டினார். 1875இல் தீட்டியதில் மருத்துவர்கள் கறுப்புக் கோட்டு அணிந்து நிற்கிறார்கள். 1889இல் தீட்டியதில் அறுவை செய்யும் மருத்துவர்கள் வெள்ளையில். இடையில் கிருமிகளைப் பற்றிய அறிவு பரவியிருந்தது. அழுக்குப் பட்டால் உடனே தெரியும் நிறம் வேண்டியிருந்தது. நாம் இன்று வெள்ளை அங்கியைக் கண்டதும் அடையும் நம்பிக்கை, ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகளுக்குள் உருவானது. பிறகு அறுவை அறையில் வெள்ளையும் போய்ப் பச்சை வந்தது. இரத்தச் சிவப்பையே உற்று நோக்கிக்கொண்டிருக்கும் கண், வெள்ளைத் துணியைப் பார்த்ததும் இல்லாத பச்சைத் திட்டுகளைக் காணும். துணியே பச்சையாக இருந்தால் அந்தத் தொல்லை இல்லை; கண்ணும் கூசாது. உடம்பு நிறத்துக்கு நேரடியாகத் தரும் பதில் என்று உறுதியாகச் சொல்ல முடிவது இது போன்றவற்றைத்தான்.

இப்போது நம் ஊர்க் கறுப்புக்கு வருவோம். கல்யாணத்துக்குத் துணி எடுக்கும்போது, "கறுப்புல எடுக்காதே" என்று சொல்லாத பாட்டி உண்டா? புதுத்துணியில் கறுப்பு கலந்திருந்தால் மறக்காமல் மூலையில் மஞ்சள் தடவுவார்கள். அதே வீட்டில் கார்த்திகை பிறந்ததும் மகன் மாலை போட்டுக் கறுப்பு வேட்டி கட்டினால், பெற்ற தாயே அவனைச் "சாமி" என்று அழைத்து எழுந்து நிற்கிறார். கறுப்பு அணிந்த அந்த இளைஞனின் நடையும் பேச்சும் மாறிவிடுகின்றன. குரல் தணிகிறது, கோபம் அடங்குகிறது. இன்னொரு புறம், 1940களில் பெரியார் தம் தொண்டர்களுக்குக் கறுப்புச் சட்டையைத் தந்தார். மக்கள் ஆளாகியிருந்த இழிவை ஊருக்குக் காட்டவும், அதைப் போக்கும் உறுதியைச் சொல்லவும் அந்தச் சட்டை. 1948இல் அன்றைய சென்னை மாகாண அரசு கருஞ்சட்டைத் தொண்டர் படையைத் தடை செய்யும் அளவுக்கு அதற்கு அழுத்தம் இருந்தது. நீதிமன்றத்தில் வழக்கறிஞரின் கறுப்புக் கோட்டைக் கண்டால் வேறொரு மரியாதை. ஒரே கறுப்பு, ஓரிடத்தில் அமங்கலம், ஓரிடத்தில் விரதம், ஓரிடத்தில் எதிர்ப்பு, ஓரிடத்தில் சட்டம். சாயத்தில் இவை எதுவும் இல்லை. அணிந்தவர்களும் அவர்களைப் பார்த்தவர்களும் சேர்ந்து ஏற்றியவை இவை.

மதுரையில் சித்திரைத் திருவிழாவின்போது கள்ளழகர் என்ன நிறப் பட்டு உடுத்தி வைகையில் இறங்குவார் என்று லட்சக்கணக்கானவர்கள் காத்திருப்பார்கள். பச்சைப்பட்டு என்று தெரிந்ததும் கூட்டத்தில் எழும் ஆரவாரத்தைக் கேட்டவர்களுக்கு நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. பச்சை உடுத்தினால் அந்த ஆண்டு நாடு செழிக்கும் என்பது மக்களின் நம்பிக்கை. மழையை எதிர்பார்த்து வாழும் உழவர்கள் பச்சையில் மகிழ்ச்சியைக் காண்பது இயல்புதானே?

ஒரு நிறத்துக்கு ஒரே மனிதர்கூடப் பொருள் ஏற்றிவிட முடியும். காஞ்சிபுரத்துப் பட்டில் எம்.எஸ். ப்ளூ என்று ஒரு நீலம். எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மையாருக்காக முத்து செட்டியார் என்ற நெசவாளர் உருவாக்கிக் கொடுத்தது. இன்றும் கடைக்குப் போய் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்கிறார்கள். அந்த நீலத்தை உடுத்தும் பெண்ணுக்கு ஒரு நிதானமும் கம்பீரமும் வருகின்றன என்றால், அந்த அம்மையாரின் இசை அதற்குள் இருக்கிறது.

நேர்முகத் தேர்வுக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. வேலை வாங்கித் தரும் நிறம் என்று எதுவும் கிடையாது. துவைத்து, இஸ்திரி போட்டு, தோளில் அளவாக உட்காரும் சட்டை, எந்த நிறமானாலும் போதும். நீங்கள் முன்பே உடுத்திப் பழகியதாக இருந்தால் நல்லது. புதுச்சட்டையின் கழுத்துப்பட்டையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருப்பவர் கேள்வியைச் சரியாகக் கவனிக்க மாட்டார். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இது உயிர் சம்பந்தப்பட்டது. பாதயாத்திரையாக இரவில் நெடுஞ்சாலையில் நடப்பவர்கள் அடர்நிற உடையில் இருந்தால் வாகன ஓட்டியின் கண்ணுக்கு மிக அருகில் வரும்வரை தெரியமாட்டார்கள். விரத உடை எந்த நிறமாக இருந்தாலும், ஒளியைத் திருப்பி அனுப்பும் பட்டையை முதுகிலும் பையிலும் ஒட்டிக்கொள்ளுங்கள்.

எனக்கு மிகவும் வருத்தம் தரும் இரண்டு விஷயங்களுக்கு இப்போது வருகிறேன். முதலாவது வெள்ளை. தேவாலயத்தில் மணப்பெண் வெள்ளை உடுத்தி வரும்போது எல்லோர் முகமும் மலர்கிறது. அடுத்த தெருவில், கணவனை இழந்த ஒரு பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து வெள்ளைக் கோடி வருகிறது. அன்றுவரை அவர் கட்டிய கிளிப்பச்சையும் மாம்பழ மஞ்சளும் பெட்டிக்குள் போய்விடுகின்றன. துக்கத்தில் இருப்பவர் கண்முன்னிருந்து எல்லா நிறங்களையும் எடுத்துவிட்டு, அவரைப் பார்க்கும் ஒவ்வொருவருக்கும் அவர் இழப்பையே முதலில் நினைவூட்டும் உடையைத் தருகிறோம். இன்று பல வீடுகளில் இந்த வழக்கம் குறைந்திருக்கிறது. ஆனாலும், "இந்த வயசுல, இந்த நிலைமையில இவ்வளவு பளிச்சுனு எதுக்கு?" என்ற கேள்வி இன்னும் ஓயவில்லை. அது கொடுமையான கேள்வி.

இரண்டாவது, "உன் நிறத்துக்கு இது எடுக்காது" என்ற பேச்சு. மாநிறமோ கறுப்போ ஆன பெண் குழந்தை ஆசையாக ஒரு சிவப்புப் பாவாடையைத் தொடும்போது, கடைக்காரரும் அத்தையும் சேர்ந்து சொல்லும் வார்த்தை இது. அழுத்தமான சிவப்பும் மஞ்சளும் கருநிற மேனியில் எவ்வளவு எடுப்பாக இருக்கும் என்பதை நம் கிராமத்துத் திருவிழாக்களில் கண்ணாரக் காணலாம். அந்தக் குழந்தை வளர்ந்து பெரியவளாகி, கல்லூரிக்குப் போய், வேலைக்கும் போன பின்பும் சாம்பல் நிறத்திலும் பழுப்பிலுமே துணி எடுக்கிறாள் என்றால் அவள் மனத்தைப் பாதித்தது எந்த நிறமும் இல்லை. எட்டு வயதில் காதில் விழுந்த சொல் அது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வீட்டு விசேஷத்துக்குத் துணி எடுக்கப் போகும்போது, கணவரை இழந்த அம்மாவோ அத்தையோ வீட்டில் இருந்தால் அவரையும் கடைக்கு அழைத்துப் போங்கள். அவருக்காக நீங்களே ஒரு வெளிர் நிறத்தை எடுத்துவிடாதீர்கள். முழு அலமாரியையும் அவர் முன்னே விரிக்கச் சொல்லுங்கள். பிள்ளைகளையும் அவர்கள் கை போகிற நிறத்தைத் தொட விடுங்கள். அவர்கள் எடுத்துவந்து காட்டியதும் நீங்கள் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: "நல்லா இருக்கு, கட்டிக்கோ."