பழுது எங்கே இருக்கிறது?



முற்றத்தையும் ஊர்தியையும் கழுவுவதற்கென்று இன்று பல இல்லங்களில் பிரஷர் வாஷர் என்னும் சிறு பொறி இருக்கிறது. ஜெர்மானியரான ஆல்பிரட் கேர்ஷர் 1950 ஆம் ஆண்டில், சுடுநீரை மிகுந்த அழுத்தத்துடன் பீச்சும் பொறியை ஐரோப்பாவில் முதன்முதலாக உருவாக்கினார். அது தொழிலகங்களுக்கு உரியது. அவர் தொடங்கிய நிறுவனம் 1984 ஆம் ஆண்டில், இல்லத்தார் எளிதில் எடுத்துச் செல்லத்தக்க பொறியை விற்பனைக்குக் கொணர்ந்தது. இன்று பல நிறுவனங்கள் இதனைச் செய்கின்றன. ‘ஓராண்டில் கெட்டுவிட்டது, எறிந்துவிட்டோம்’ என்ற குறையும் பலரிடம் கேட்கிறது. எறிவதற்கு முன் ஆராய வேண்டியவை எவை என்பதையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

மின்மோட்டார் ஒரு சாய்தட்டைச் சுழற்றுகிறது. அத்தட்டு பெரும்பாலும் மூன்று சிறு பிஸ்டன்களை மாறி மாறித் தள்ளுகிறது. அவை நீரை முன்னே செலுத்துகின்றன. நாசில் என்னும் நீர்முனையின் துளையோ ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். அவ்வளவு நீரும் அச்சிறு வாயில் வழியே புக வேண்டியிருப்பதால் அழுத்தம் பிறக்கிறது. வீட்டுப் பொறிகளில் அது காற்று மண்டல அழுத்தத்தைப் போல் 100 மடங்குக்கும் மேற்படும். பம்பு தருவது நீரோட்டம். அழுத்தத்தைத் தோற்றுவிப்பது தடை. இந்த ஒன்றை உணர்ந்தால் பாதிப் பழுதுகள் தாமே விளங்கும்.

பீச்சு வலுவிழந்ததா? துளை தேய்ந்து அகன்றிருக்கலாம். பீச்சு விட்டு விட்டு வருகிறதா? துளையில் மணலோ, ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்புப் படிவோ அடைத்திருக்கலாம். இணைப்பின் வழியே காற்றும் நுழைந்திருக்கலாம். கைவிசையை விட்டபின் நின்ற மோட்டார், தொடாமலே அடிக்கடி ஓடி ஓடி நிற்கிறதா? எங்கோ நீர் கசிகிறது. வால்வையோ ரப்பர் வளையத்தையோ பாருங்கள்.

எங்கள் தெருவில் ஓர் இளைஞரின் பொறி வலுவிழந்தது. பழுது பார்க்கும் கடைக்காரர், ‘புதிது வாங்குங்கள்’ என்று கூறிவிட்டார். இளைஞர் நீர் நுழையும் வாயிலிலுள்ள சிறு வடிகட்டியைக் கழற்றினார்; அதில் மணல் அப்பியிருந்தது. கழுவிப் பொருத்தியதும் பீச்சு ஓரளவு மீண்டது. முழுமையாக மீளாததன் காரணத்தையும் அவரே கண்டறிந்தார். பத்து மீட்டர் உயரத் தொட்டி நீர்தான் காற்று மண்டலத்தின் ஒரு மடங்கு அழுத்தத்தைத் தரும். அவருடைய மாடித் தொட்டியோ குழாய்க்கு மூன்று மீட்டர் மேலேதான் இருந்தது, குழாயும் குறுகியது. பம்பு கேட்ட நீர் வந்து சேரவில்லை. அகலமான குழாயை மாற்றியதும் குறை தீர்ந்தது.

பொறியின் ஆயுளைக் குறைப்பவை இரண்டு. முதலாவது, நீரின்றி ஓட்டுதல். பம்பின் ரப்பர் வளையங்களைக் குளிர்விப்பதும் வழுவழுப்பாக வைப்பதும் நீரே; அது இல்லையேல் அவை விரைவில் கருகும். இரண்டாவது, அளவு மீறிய உழைப்பு. மலிவான பொறிகளில் மிக விரைவாகச் சுழலும் மோட்டாரே இருக்கும். அதன் கார்பன் பிரஷ்கள் தேய்வது இயல்பு. வாரம் ஒருமுறை முற்றம் கழுவச் செய்த பொறியை ஊர்தி கழுவும் கடையில் நாள் முழுதும் ஓட்டிவிட்டு, பொறியைப் பழிப்பது முறையன்று. ஆயினும் தேயும் உறுப்பைத் தனியே விற்காத நிறுவனத்தின் குற்றத்தையும் நாம் மறைத்தல் ஆகாது. ஆகவே வாங்கும்போதே, ‘வளையமும் கார்பன் பிரஷும் தனியே கிடைக்குமா?’ என்று கேளுங்கள்.

ஓர் எச்சரிக்கை. பொறியைத் திறக்குமுன் மின்செருகியைப் பிடுங்கி, குழாயை மூடி, கைவிசையை அழுத்தி எஞ்சிய அழுத்தத்தை வெளியேற்றுங்கள். மோட்டாரின் மின்பகுதியைத் தேர்ந்தவரிடம் விடுங்கள். பீச்சை விளையாட்டாகவும் எவர்மீதும் திருப்பாதீர்கள். அது தோலைத் துளைக்கும். காயம் ஊசி குத்தியது போல் சிறிதாகத் தோன்றினும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

ஒரு சிறு ரப்பர் வளையத்திற்காக நல்ல மோட்டாரையும் செம்புக் கம்பியையும் குப்பையில் இடுவது, பொருளையும் உழைப்பையும் ஒருங்கே வீணாக்குவதாகும். நீர் வரும் வழியிலிருந்து தொடங்கி, வெளியேறும் முனை வரை ஒவ்வொன்றாகப் பாருங்கள். எளிய காரணத்தை முதலில் சோதியுங்கள். நீங்கள் ஆய்வுக்கூடத்தில் கற்கும் முறையும் இதுவே அன்றோ?