கார் ஸ்பீக்கர் கரகரக்கிறதா?

வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29-ஆம் தேதி திருவிழாக் கொடி ஏறிவிட்டால், செப்டம்பர் 8 வரை காரும் வேனும் வந்துகொண்டே இருக்கும். உள்ளூர் டிரைவர்களுக்கு ஓயாத ஓட்டம். வண்டியில் பாட்டு கரகரத்தால் அலுப்பு இரட்டிப்பாகும். அதற்காக உடனே புது ஸ்பீக்கர் வாங்கக் கிளம்பிவிடாதீர்கள், பாவம், காசு வீண்.

இந்தக் கடலோரத்தில் முதலில் ஒயர் இணைப்பைத்தான் சந்தேகப்பட வேண்டும். உப்புக்காற்று சும்மா விடாது. கதவின் உள் அட்டையைக் கழற்றி, ஸ்பீக்கருக்குப் போகும் செம்புக் கம்பியின் முனையைப் பாருங்கள். பச்சையாகப் பூத்திருந்தால் அந்த நுனியை வெட்டி எறியுங்கள். பளபளக்கும் கம்பி தெரியும்வரை சீவி, மறுபடி இறுக்கமாக இணைத்து, மேலே டேப் சுற்றுங்கள். பல வண்டிகளில் இதோடு கரகரப்பு நின்றுவிடும்.

ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் ஒரு ரீங்காரமும் ஏறுகிறதா? அது ஆல்டர்னேட்டரின் இரைச்சல். பெரும்பாலும் எர்த் சரியில்லை என்று பொருள். எர்த் ஒயர் பெயிண்டின் மேல் உட்கார்ந்திருந்தால், பெயிண்டைச் சுரண்டி, வெறும் இரும்பில் போல்ட்டை முடுக்குங்கள். மேலே கிரீஸ் தடவ மறக்காதீர்கள். இல்லையேல் அடுத்த மழைக்குள் துருவேறிவிடும்.

பாஸ் மட்டும் காணவில்லை என்றால், ஒரு ஸ்பீக்கரில் பிளஸ், மைனஸ் மாறியிருக்கலாம்.

எதைத் தொடுவதற்கும் முன், பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றிவிடுங்கள்.